ஆட்டுக்குப் போன தவிடு

எனக்குக் கோவையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு. பாதி எழுதும்போதே மீதி மறந்துபோகும். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை தண்டையார்பேட்டையில் அரிசி வாங்கப் போனேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். சிவப்பரிசி. மற்ற அரிசியைவிட விலை கூடுதல்.

"பாலிஷ் போடாததும்மா. தவிடு அப்படியே இருக்கு. டாக்டர்மாரே சாப்பிடச் சொல்லுதாவ" என்றார்.

பாலிஷ் போட்டால் கூலி கேட்கலாம். போடாததற்கு எதற்குக் கூலி? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கடையில் நாலு பேர் நின்றால் எனக்கு வாய் எழும்பாது. பேசாமல் வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்ல உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால், அந்தத் தவிட்டை ஒரு காலத்தில் உலக்கையால் இடித்து இடித்து விரட்டியவள் நான்!

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ராயபுரத்தில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு உரல். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. கடையில் போடும் பச்சரிசி சிவப்பாக, தவிடு ஒட்டிக்கொண்டு இருக்கும். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே அதை ஆக்கித் தின்றார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் வின்ச் ஓட்டுவார். கையால் ஒரு பிடி, காலால் ஒரு பிரேக். கால் சொன்னபடி கேட்காவிட்டால் மூட்டை கீழே நிற்பவன் தலையில்தான் இறங்கும்.

ஒருநாள் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பிய மத்தியானச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

"இன்னாங்க, சாப்பிடலியா?"

"தூக்கைத் தொறந்தாலே பேஜாரா கீது. 'இன்னா மாமு, உன் பொண்டாட்டி செங்கல்லை இடிச்சு ஆக்கிப் போட்டாளா'ன்னு ஒருத்தன் கேக்குறான். எல்லாரும் சிரிக்கிறானுங்க."

வேறொருத்தியாக இருந்தால், "அவன் வூட்ல மட்டும் முத்தா வேவுது?" என்று கேட்டிருப்பாள். எனக்கு அழுகைதான் வந்தது. மறுநாள் விடிந்ததும் உலக்கையை எடுத்தேன்.

ரேஷன் அரிசியை உரலில் போட்டு இடிப்பேன். புடைப்பேன். மறுபடி இடிப்பேன். மல்லிகைப் பூ மாதிரி ஆகும் வரைக்கும் விடமாட்டேன். அப்புறம் நாலு தண்ணீர் விட்டுக் கழுவுவேன். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்டுவேன். முழு அரிசிச் சோறு அவருக்கு. உடைந்த நொய்யும் அதில் ஒட்டிய தவிடுமாகக் கஞ்சி காய்ச்சினால் அது எனக்கு. மிச்சத் தவிடு பக்கத்துக் குடித்தனம் பிலோமி அக்காவின் ஆட்டுக்கு.

"அடியே, அரிசிக்குச் சவரம் பண்றியா?" என்று பிலோமி அக்கா கேலி செய்யும். ஆனாலும் முறத்தோடு வந்து நிற்கும். ஆடு பளபளவென்று ஆனது.

தூக்கைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று சோறு. துறைமுகத்தில் அவருக்கு மரியாதை ஏறியது. நான் உச்சி குளிர்ந்துபோனேன்.

ஆறு மாசம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னாங்க, இன்னொண்ணு எங்க?"

குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது! வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது. காலுக்குத் தெரியவே இல்லை.

கொஞ்ச நாளாகவே பாதம் எரிகிறது என்பார். எரிச்சல் நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். உண்மையில் உணர்ச்சியே நின்றிருக்கிறது. நடையும் தள்ளாட ஆரம்பித்தது. மதுவிலக்கு வந்திருந்த நேரம் அது. போர்மேன் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாய்யா, காலங்காத்தால ஏத்திக்கினு வந்துட்டியா?"

பீடி கூடத் தொடாத மனுஷன். டீ மட்டும் ஆறேழு தடவை குடிப்பார். யார் நம்புவார்கள்? "டாக்டர் கையெழுத்து வாங்கிக்கினு வா. இல்லன்னா வின்ச் பக்கமே வராதே" என்று அனுப்பிவிட்டார்.

பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நானும் கூடப் போனேன். டாக்டர் நரைத்த மீசைக்காரர். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் சும்மா தொங்கியது. "குந்தி உட்காருய்யா" என்றார். உட்கார்ந்தார். "கையை ஊனாம எழுந்திரு."

எழுந்திருக்கவில்லை. முக்கினார், முனகினார்... கடைசியில் தரையில் கையை ஊன்றித்தான் எழுந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஒரே வீடு, ஒரே அடுப்பு. நீ மட்டும் குண்டுக்கல் மாதிரி இருக்கியே... நீ என்னம்மா சாப்பிடறே?"

"நொய்க் கஞ்சிங்க" என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது.

அதற்குள் வீட்டுக்காரர் தன் தூக்குச் சோற்றின் வெள்ளையைப் பெருமையாக வர்ணித்தார். டாக்டர் மேஜையில் தட்டினார். "ரேஷன் அரிசி எப்படிய்யா அவ்வளவு வெள்ளையா இருக்கும்? யார் தீட்டறது?"

என்னை ஒரு பார்வை பார்த்தார் இவர். "மில்லுல சார். மில்லுல அப்படித்தான் தீட்டி அனுப்புறான்."

எனக்காகச் சொன்ன பொய். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சோறு விறகு மாதிரி. வயிற்றில் போட்டால் போதாது, எரிய வேண்டும். அதை எரிய வைக்கும் சத்து தவிட்டில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எவ்வளவு தின்றாலும் நரம்பு பட்டினி. அந்தச் சத்து தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். உடம்பும் அதை ரொம்ப நாள் பூட்டி வைக்காது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். அதனால் தினமும் வேண்டும். டீ வேறு அதைக் கெடுக்குமாம்.

"ஊசி போடறேன். தவிடு சாப்பிடு. ஒரு மாசம் கழிச்சு வந்து கையை ஊனாம எழுந்து காட்டு, கையெழுத்துப் போடறேன்."

எழுந்தால் வேலை. இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

அன்றே பிலோமி அக்கா வாசலில் போய் நின்றேன்.

"அக்கா... அந்தத் தவிடு..."

"நாளைக்குக் குடுடி. இன்னிக்கு வச்சதே மீந்துட்சு."

"இல்லக்கா. திருப்பிக் குடேன்."

"எதுக்கு?"

"அவருக்கு."

அக்கா ஆட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. "உன் வூட்டுக்காரரு இன்னா, பால் குடுக்கப் போறாரா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. தானே தவிட்டைச் சலித்து, வாசம் வர லேசாக வறுத்து, கருப்பட்டி பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தது. உலக்கையை அக்காவே பிடுங்கித் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டது. நான் கழுவுவதைக் குறைத்தேன். கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் கொடுத்தேன். செங்கல் சோறு திரும்ப வந்தது. ஒரு வாரத்தில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். எறும்புக்கு யாராவது இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார்களா? நாங்கள் பட்டோம்!

மாசம் முடிந்தது. டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு குந்தினார். எழுந்தார். பாதியில் தொடை வெடவெடத்தது... நின்றது... எழுந்தேவிட்டார்.

டாக்டர் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். நிறுத்தினார்.

"அந்த மில் எதுய்யா? ரேஷன் அரிசியை அப்படித் தீட்டக் கூடாது. இன்னும் எத்தனை பேர் காலைக் கெடுத்திருக்கானோ. மேலே எழுதிப் போடறேன்."

இவர் மோட்டுவளையைப் பார்த்தார். "பேரு... மறந்துட்சு சார்."

"பரவாயில்லை. ரேஷன் கடையில கேட்டா சொல்லிடுவான்."

நான் அந்தக் காகிதத்தையே பார்த்தேன். சொன்னால் கையெழுத்து போய்விடுமோ? சொல்லாவிட்டால் யாரோ ஒரு மில்காரன் பிழைப்பு போய்விடுமே?

"மில்லு இல்லீங்க" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால், என் குரல்தான். "உரலுங்க."

"எந்த உரல்?"

"எங்க வூட்டு உரலு. நாந்தாங்க இடிச்சேன். இவரு தோஸ்துங்க சிரிச்சாங்கன்னு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு இவரை முறைத்தார். "பொய் சொன்ன ஆளுக்குக் கையெழுத்துப் போடலாமாய்யா?"

"காலுக்குத்தான சார் கையெழுத்து? வாய்க்கு இல்லியே!"

டாக்டர் மீசை ஆடியது. அப்புறம் வாய்விட்டே சிரித்தார். பேனா மறுபடி திறந்தது.

ஒருத்தன் கேலிக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூச்சப்பட்டு, ஆறு மாசம் உலக்கை பிடித்தேன். கூச்சம் எவ்வளவு வேலை வாங்குகிறது பாருங்கள்!

அவரை எழுப்பியது ஊசியா, தவிடா என்று எனக்குத் தெரியாது. டீ கெடுக்கும் என்பதும் டாக்டர் சொன்னதா, வேறு யாராவது சொன்னதா... நினைவில்லை. படித்த டாக்டர் யாராவது இதை வாசித்தால், தப்பு இருந்தால் திருத்தி எழுதுங்கள்.

மில்காரர் நிரபராதி என்பதை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அதற்கு நானே சாட்சி.