மூணாங்குரல்

குடும்ப நீதிமன்றம் இரண்டாவது மாடியில் இருந்தது. கட்டிடத்தில் லிஃப்ட் ஒன்று உண்டு, அது நீதிபதிகளுக்கு. பிரிய வந்தவர்கள், சேர்த்து வைக்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் ஐம்பத்திரண்டு படி ஏறித்தான் ஆக வேண்டும். மூச்சு வாங்க ஏறி வந்தால் முதலில் கண்ணில் படுபவர் மூணாங்குரல்.

சம்பளப் பட்டியலில் அவருடைய பதவி நீதிமன்ற உதவியாளர். செய்கிற வேலை, ஒன்றாம் அறையின் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது. ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது விதி. எங்கே நின்று, எவ்வளவு நேரம் விட்டு என்று விதி சொல்லவில்லை. மற்ற அறைகளில் கூப்பிடுகிறவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு உள்ளே திரும்பிவிடுவார்கள். இவர் அப்படியில்லை. முதல் குரல் வாசலில். இரண்டாவது மாடிப்படி தொடங்கும் இடத்தில். மூன்றாவதற்குப் பாதிப் படி இறங்கிப் போய், கீழே டீக்கடை வரைக்கும் எட்டுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒன்று. அப்படி வந்த பெயர்தான் மூணாங்குரல், வக்கீல்கள் வைத்தது. ஜூனியர் வக்கீல்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் ஒரே மூச்சுக்காரர்தான். ஒரு நாள் ஒரு பெண் கைக்குழந்தைக்குத் துணி மாற்றக் கீழே போயிருந்தாள். கூப்பிட்டார், ஆள் இல்லை, மனு தள்ளுபடி. நாலு நிமிடம் கழித்து ஒரு கையில் ஈரத்துணியும் இன்னொரு கையில் குழந்தையுமாக மேலே வந்தவள், "என்னைக் கூப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

"கூப்ட்டேம்மா. மூணு தடவ."

"எனக்குக் கேக்கலையே."

அவள் சண்டை போடவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனாள். சண்டை போட்டிருந்தால் அன்று சாயங்காலமே அவர் மறந்திருப்பார். மறுநாளிலிருந்துதான் மூன்று இடம் என்ற வழக்கம் ஆரம்பமானது. முதலில் இருந்த நீதிபதி முணுமுணுத்தார். பின்னால் வந்தவர்களுக்கு அது பழகிவிட்டது.

வாசலில் நிற்கிற ஆளைப் பார்த்தால் ஜனங்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றும். வக்கீலிடம் கேட்டால் வக்கீல் கடிகாரத்தைப் பார்ப்பார். கிளார்க்கிடம் கேட்டால் கிளார்க் வழக்குக் கட்டுகளுக்குள் தலையை விட்டுக்கொள்வார். மூணாங்குரல் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருப்பார். "எனக்குச் சட்டம் தெரியாதுங்க, இங்க நடக்கிறது தெரியும்" என்று ஒரு முன்னுரை போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"நானா வீட்ட விட்டு வெளிய வந்துட்டேன் சார். அதனால பிள்ளைங்க மேல உரிமை போயிடுமா?"

"போகாது. ஆனா என்னைக்கு வந்தீங்க, ஏன் வந்தீங்கன்னு கேப்பாங்க. ஞாபகம் இருக்கிறப்பவே தேதிய எழுதி வெச்சுக்கங்க."

"யாரோட இருக்கணும்னு பையனையே கேப்பாங்களா?"

"விவரம் தெரிஞ்ச வயசுன்னா ஜட்ஜ் தனியாக் கூப்ட்டுக் கேப்பாங்க. அவன் சொன்னதே முடிவுன்னும் இல்ல. சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வராதீங்க. மனப்பாடம் பண்ணினது ரெண்டாவது கேள்வியிலயே தெரிஞ்சிடும்."

"ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டோம். இப்ப எனக்கு மனசு மாறிடுச்சு. வாபஸ் வாங்கலாமா?"

"தீர்ப்பு ஆகிறதுக்குள்ள சொல்லலாம். ஜட்ஜ் கேக்கறப்ப வாயத் திறந்து சொல்லணும். வெளிய எங்கிட்ட சொன்னா ஆகாது."

எல்லாவற்றையும்விட அதிகம் வரும் கேள்வி வேறு. பெரும்பாலும் பெண்கள்தான் கேட்பார்கள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு.

"அவருக்குச் சம்மதம் இல்லன்னா விவாகரத்து கிடைக்கவே கிடைக்காதா?"

"கிடைக்கும். காரணம் காட்டணும், சாட்சி சொல்லணும், நாளாகும். சம்மதம் இல்லாம நின்னுபோன கேஸவிட, நடந்து நடந்து சலிச்சு நின்னுபோன கேஸுதான் இங்க அதிகம்."

இதை அவர் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார். தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மட்டும் அது அவருக்கு மறந்துபோயிற்று.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க, விடுங்க" என்று நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்வாள். அவர் நாளைக்கு நாற்பது பெயர் கூப்பிடுவார். இரண்டு பேரும் சாயங்காலம் வீடு திரும்பியதும் அவர் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு, மறுநாள் காலை வரைக்கும் குரலைப் பூட்டி வைத்துவிடுவார். அவளுக்கு அப்படியில்லை. இருட்டறையில் நாள் பூராவும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அலுத்துப்போய் வருகிறவளுக்குப் பேச வேண்டியிருந்தது. அவர் தலையாட்டுவார். மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவசரமென்றால் "இந்தா" என்பார். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. மகள் கூட இருந்தவரை வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. அவள் மேற்படிப்புக்கு வெளியூர் போனபிறகு டம்ளர் சத்தம்தான்.

மகள் போன ஆறாவது மாதம் மனைவி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்தே மனு போட்டுடலாங்க. அப்படிப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசியில், "யோசிக்கணும்" என்றார்.

நாலு மாதம் யோசித்தார். தான் கையெழுத்துப் போடாவிட்டால் காரியம் நகராது என்று நினைத்துக்கொண்டார். கோர்ட்டில் இருபத்தைந்து வருடம் நின்ற மனிதர் அப்படி நினைத்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நாலு மாதமும் அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, தனியாக மனுப் போட்டாள்.

சம்மனைக் கொண்டு வந்தவர் அவரோடு தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிற சக ஊழியர். இவர் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை காத்திருந்துவிட்டு நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க."

"உங்க வேலைதானே" என்று மூணாங்குரல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

மனுவில் பதினொரு பத்திகள். ஏழாவது பத்தி இப்படி இருந்தது: 'எதிர்மனுதாரர் திருமணமான நாள் தொட்டு இன்று வரை மனுதாரரை ஒரு முறை கூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.' அவருக்காக வாதாட வந்த வக்கீல் அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடி இல்ல, குடி இல்ல, வேற சகவாசம் இல்ல. பேர் சொல்லிக் கூப்பிடலையாம். இதுக்கெல்லாம் விவாகரத்துக் குடுத்தா பாதி வீடு காலியாயிடும். தைரியமா எதுத்து நில்லுங்க, பாத்துக்கலாம்."

மூணாங்குரலுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய், ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்போமா என்று நினைவைத் துழாவினார். மகள் பிறந்த அன்று? அன்று அவர் கூப்பிட்டது நர்ஸை. ரயிலில் அவள் தவறான பெட்டியில் ஏறிவிட்ட அன்று? ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். எங்கே தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

ஆனாலும் எதிர்த்துத்தான் பதில் மனுப் போட்டார். ஏன் என்று சக ஊழியர் கேட்டதற்கு ஒரு காரணம் சொன்னார், மகள் கேட்டதற்கு வேறொன்று சொன்னார். உண்மை ஒன்றுதான். அவள் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஒன்றாம் அறையில் வேலை செய்பவர் என்பதால் வழக்கைத் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த மூன்றாம் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜட்ஜம்மா கறாரானவர். ஆஸ்பத்திரியில் மாற்று ஆள் வராததால் மனைவி இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. இரண்டாவது தடவை ஜட்ஜம்மா வழக்குக் கட்டில் எழுதிவிட்டார்: அடுத்த முறையும் மனுதாரர் வராவிட்டால் தள்ளுபடி.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, அம்மா வரலன்னா கேஸ் போயிடுமா?"

தாழ்வாரத்தில் கேட்கிற அதே கேள்வி. அதே பதிலைச் சொன்னார்.

"போயிடும். மறுபடி போடலாம்."

"அம்மா மறுபடி போட மாட்டாங்கப்பா. இதுக்கு மேல தெம்பில்லன்னுட்டாங்க. கேஸ் போனா பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கே வந்துடறேன்னாங்க."

போனை வைத்தபிறகு அவர் சந்தோஷப்பட்டார். மறைப்பானேன். அலமாரியில் அவள் பக்கத்துத் தட்டைத் துடைத்தும் வைத்தார்.

வாய்தா நாள் வந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு, அடிக்கடி போடாத வெள்ளைச் சட்டையில் மூன்றாம் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் அங்கேயும் கேள்வி கேட்டார்கள். "இன்னைக்கு நானும் உங்கள மாதிரிதான்" என்று சொல்லி அனுப்பினார். தாழ்வாரத்து ஜன்னல் வழியாக வாசல் தெரியும். பதினொன்றேகாலுக்கு எட்டிப் பார்த்தபோது, பைகளைச் சோதிக்கிற வரிசையில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. அவளுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள்.

அவர் ஜன்னலை விட்டுத் திரும்புவதற்குள் அவர்கள் கட்டு எடுக்கப்பட்டது.

அவருடைய வக்கீல் ஆளை உள்ளே இழுத்து, "வாயத் திறக்காம நில்லுங்க, இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று காதோடு சொன்னார். மனைவியின் வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஜூனியர் எழுந்து ஐந்து நிமிட அவகாசம் கேட்டார்.

"ரெண்டு வாய்தா குடுத்தாச்சு" என்றார் ஜட்ஜம்மா. "மனுதாரரைக் கூப்பிடுங்க."

மூன்றாம் அறையில் பெயர் கூப்பிடுகிறவர் ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கியிருந்த ஆள், முட்டிவலிக்காரர். வாசலுக்குப் போய் முதல் குரல் கொடுத்தார். அதே மூச்சில் இரண்டாவது. மூன்றாவதற்கு வாயைத் திறப்பதற்குள் மூணாங்குரல் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணாவது எனக்குக் குடு."

"நீ லீவுய்யா. அதுவும் உன் கேஸு."

"குடுய்யா."

முட்டிவலிக்காரர் ஜட்ஜம்மாவையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். அதற்குள் இவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வக்கீல் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. ஈரத்துணியோடு வந்த அந்தக் குழந்தைக்காரி ஞாபகம் வந்ததா என்று பிற்பாடு ஒருவர் கேட்டதற்கு, "பழக்கத்துல கால் போச்சு" என்றுதான் சொன்னார்.

வழக்கமாக நிற்கிற படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்தார். வாயைத் திறந்தார். பழக்கத்தில் வரிசை எண்தான் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார்.

கூப்பிட்டார்.

வரிசை எண் இல்லை, மனுதாரர் என்ற அடைமொழி இல்லை. வெறும் பெயர். அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர். சுவர்களில் மோதி, மாடிப்படி வளைவுகளில் இறங்கி, அது கீழே வாசல் வரைக்கும் போயிற்று. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

முதல் மாடி வளைவில் அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள். சட்டென்று நின்றாள். ஒரு கை பையில், ஒரு கை சுவரில். யார் குரல் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் குரலில் அந்தப் பெயரைத்தான் அவள் கேட்டதில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தவள் போல ஒரு கணம் அப்படியே நின்றாள்.

"வரேன்" என்றாள்.

"மெதுவா வா. கட்டு எடுத்தாச்சு, ஆனா கூப்ட்டு முடியல."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள், அவள் முன்னாலும் அவர் பின்னாலும். "மூணாவது கொஞ்சம் தள்ளிப் போச்சும்மா" என்று முட்டிவலிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேலாக மூணாங்குரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதிர்மனுதாரருக்கு ஆட்சேபணை இருக்கா?"

வக்கீல் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மூணாங்குரல் பதில் சொன்னார்.

"இல்லைங்கம்மா. அவங்க கேட்ட விவாகரத்துக்கும் இல்லைங்க."

வக்கீல் உட்கார்ந்தார். இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். தீர்ப்பு வெள்ளிக்கிழமை என்றார்கள். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

படிக்கட்டுத் தொடங்கும் இடம் வரைக்கும் அவர் அவளோடு நடந்து வந்தார். மத்தியானம் ஒன்றாம் அறையில் வேலை இருந்தது. அவள் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு படி இறங்கினவள் திரும்பினாள்.

"வக்கீல்கிட்ட சொல்லி அந்த ஏழாவது பத்திய அடிச்சிடச் சொல்லட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். இந்தத் தடவை நாலு மாதம் ஆகவில்லை.

"இருக்கட்டும்" என்றார். "எழுதறப்ப சரியாத்தானே இருந்துது."