பஸ் நிற்கிறதா என்று பார்க்கப் போனோம்

போன மாதம் ஒரு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் ஏற அல்ல — பஸ் நிற்கிறதா என்று பார்க்க!

ரிட்டயர் ஆனபின் எங்கள் வட்டாரக் குழந்தை உரிமைக் கண்காணிப்புக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். விதிமுறை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம்.

புகார் இதுதான். சைதாப்பேட்டை ஆற்றோரக் குடும்பங்களைப் புறநகருக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இன்னும் சைதாப்பேட்டையில்தான். காலையில் இலவச பாஸும் யூனிஃபார்முமாகக் கூட்டத்தைப் பார்த்தால் பஸ் நிற்பதில்லை. அடுத்த பஸ்ஸில் போனால் பள்ளி கேட் மூடியிருக்கும். பத்தாம் வகுப்பு ரேவதிக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துகொண்டே போகிறது. இன்னும் குறைந்தால் பொதுத்தேர்வு எழுத முடியாது.

நாங்கள் என்ன செய்தோம்? ஆய்வுக்கு வரும் நாளை முறைப்படி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிவித்தோம். பஸ் டிப்போவுக்கும்தான்...

அன்று பஸ் மாப்பிள்ளை கார் மாதிரி மெதுவாக வந்து நின்றது. கண்டக்டர் இறங்கியே விட்டார். "வாங்க கண்ணுங்களா, பாத்து ஏறுங்க!"

'குறை ஏதுமில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார் குழுத் தலைவர்.

ரேவதியின் அம்மா செல்வி குறுக்கே வந்தார். "இன்னா சார் இது? நீங்க நின்னா நிக்குது. நாளைக்கும் வந்து நிப்பீங்களா?"

"அது எங்க வேலை இல்லம்மா. நாங்க பார்க்கிறதோட சரி" என்றார் தலைவர்.

"பாக்கத்தான் நாங்க கீறோமே சார், தெனம்!"

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் போய், எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். பஸ் நிற்கவில்லை. ரேவதி பையோடு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

எங்கள் விதிகளில் ஒரு வரி உண்டு. பெற்றோரையும் பார்வையாளராக நியமிக்கலாம். அடுத்த கூட்டத்தில் அதை எடுத்து வைத்தேன்.

"இதுவரைக்கும் யாரும் அப்படிச் செஞ்சதில்லையே சார்?" என்றார் தலைவர்.

"செய்யக் கூடாதுன்னும் இல்லையே சார்."

செல்வி பார்வையாளர் ஆனார். குழுவின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் காலையில் நிறுத்தத்தில் நிற்கிறார். பஸ்ஸும் நிற்கிறது. முதல் மணி அடிக்கும்போது ரேவதி வகுப்பில் இருக்கிறாள்.

லேட்டாகப் போவது இப்போது செல்விதான். அடையாறில் வீட்டு வேலை. பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு அடுத்த பஸ் பிடிக்கிறார்.

"வேல செய்யற வூட்டம்மா தெனம் கத்துது சார். கத்தினு போவட்டும்... பொண்ணு பரீட்ச எழுதணும்ல?"

குழந்தையின் உரிமையைக் காப்பது அரசின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஓர் அம்மா தினமும் திட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்!