எலிவேஷன் பிரேம்நாத்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரு கை விரல்களாலும் சட்டம் கட்டி, அதன் வழியே டீக்கடையைப் பார்க்கிறார் பிரேம்நாத். "எலிவேஷன் பத்தல" என்கிறார், முகப்பு எடுப்பாக இல்லை என்ற பொருளில். கடைக்காரர் டீயை நீட்டியபடி நிற்கிறார். கோயில், பள்ளிக்கூடம், கறவை மாடு என எதையும் அவர் இப்படிப் பார்க்காமல் விடுவதில்லை. எதற்கும் எலிவேஷன் பத்துவதுமில்லை.

ஆம்பூரில் அவர் 'டிசைனர்'. செருப்புக் கடைகளுக்கு முகப்பு, பிரியாணி ஓட்டல்களுக்கு உள் அலங்காரம், வாணியம்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ரோமாபுரித் தூண்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "படிப்பு இன்னாத்துக்கு சார், கண்ணு வேணும்" என்றார். அந்தக் கண்ணுக்கு வெயில் ஆகாது. கூலிங் கிளாஸைக் கழற்றாமலேதான் பெயிண்டின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்.

கணியம்பாடிக்குத் தெற்கே, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர் ஒன்று, போரில் இறந்த தன் ஆட்களுக்கு நினைவுச்சின்னம் கட்ட இவரைத் தேடி வந்தது. அவர்கள் கேட்டது அதிகமில்லை. ஒரு கருங்கல், அதில் வெட்டிய பெயர்கள், சுற்றி நாலு மரம்.

"சமாதி மாதிரி ஆய்டும்ங்க. பைபாஸ்ல போறவன் வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுக்க வேணாமா?" என்று அவர்கள் வாயை அடைத்தார் பிரேம்நாத்.

கல்யாண மண்டபத்துக்கு வார்த்த அதே அச்சில் தூண்கள் வந்தன. நிறம் மாறும் நீரூற்று வந்தது. ராணிப்பேட்டைப் பட்டறையிலிருந்து ஃபைபர் சிப்பாய் ஒருவன் வந்திறங்கினான். ரோஜா நிறக் கன்னம், சாயம் பூசிய உதடு, துணிக்கடை பொம்மையின் சிரிப்பு.

வேலை நடக்கும்போதே அமிர்தவள்ளி வந்தார். அவருடைய கணவர் காசி, எல்லைச் சண்டையில் இறந்தவர். சிப்பாயை அண்ணாந்து பார்த்தார்.

"யாருப்பா இது?"

"சோல்ஜர்மா."

"எங்க ஊர்லர்ந்து இவ்ளோ செவப்பா யாரும் போவலியே."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "பொட்டியத் தொறக்காமயே எரிச்சிட்டாங்கப்பா. அவரு மொகத்த நான் தொடல. பேரையாச்சும் கல்லுல வெட்டி, கை எட்டற எடத்துல வை. தடவிப் பாத்துக்குவேன்."

"செஞ்சிரலாம்மா" என்றார் பிரேம்நாத், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

செய்யவில்லை. வெட்டினால் எழுத்தில் அழுக்குச் சேருமாம், ஃபினிஷிங் போய்விடுமாம். திறப்பு விழாவன்று பெயர்கள் எல்லாம் தங்க நிற ஸ்டிக்கர்களாக, கெட்டிக் கண்ணாடிக்குள், தூண்களின் மறைவில் இருந்தன. கல்லில் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது ஒரே பெயர்தான். முகப்பில், 'வடிவமைப்பு: பிரேம்நாத், ஆம்பூர்'. கீழே கைபேசி எண்.

"வெட்டறேன்னு சொன்னியேப்பா" என்றார் அமிர்தவள்ளி.

"ஸ்டிக்கர்னா ஷைனிங் ஜாஸ்திம்மா. கேமராவுல ஜொலிக்கும்."

அமிர்தவள்ளி, கூட்டம் பந்திக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு, காசி என்று இருந்த இடத்தில் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் அது சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை.

புகைப்படக்காரரை அழைத்துக்கொண்டு பிரேம்நாத் வந்தார். "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்று அவரை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. வாயால் ஒரு முறை ஊதி, சட்டைக் கையால் அதை அழுத்தித் துடைத்தார்.