சொட்டு உட்கார்ந்த இடம்

குடிநீர் நிலையத்தின் தாழ்வாரத்தைத் தினமும் காலை ஏழு மணிக்குள் நான் துடைத்து முடித்துவிடுவேன். சிமெண்டுத் தரை, காயக் கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் மறந்துவிட்ட வாளியை எடுக்கத் திரும்பி வந்தபோது, மூக்கண்ணன் தன் நாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரோரமாக நுனிக்காலில் போய்க்கொண்டிருந்தார். நாய்க்கு ஏதோ அடிபட்டுவிட்டதென்று பதறிப்போனேன். மறுகோடியில் இறக்கிவிட்டதும் அது வாலை ஆட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்தது.

பம்பு ஓட்டுபவரிடம் கேட்டேன். சிரித்தார். தெருச்சேற்றில் நடந்த கால் நான் துடைத்த தரையில் படக்கூடாதென்று நாலு வருஷமாக இப்படித்தானாம். இருபத்திரண்டு கிலோ நாய். அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நாயின் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன், அவ்வளவுதான். அதற்குச் சமைத்துப் போடுவதும் என் வேலைதான்.

மூக்கண்ணனுக்கு மூக்கு ஒன்றும் பெரிதில்லை. நாயின் மூக்கை வைத்துப் பிழைக்கிறவர் என்பதால் அந்தப் பெயர். முன்பு இருபது வருஷம் தெருத்தெருவாக வால்வு திருப்பிக்கொண்டிருந்தவர். பூமிக்கடியில் குழாய் உடைந்து ஒழுகினால் மேலே ஒன்றும் தெரியாது. குடிநீரில் மருந்து கலக்கிறார்கள் அல்லவா, அதன் வாடை மட்டும் மண் வழியாக மேலே வரும். நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். அதைப் பழக்கி வேலைக்கு வைக்கலாம் என்று மேலிடம் முடிவு செய்தபோது கையைத் தூக்கியவர் இவர் ஒருவர்தான். பழுப்பு நிற நாட்டு நாய், ஒரு காது மடிந்திருக்கும். சொட்டு என்று பெயர் வைத்தார். அவருடைய தலையைக் காட்டி, சொட்டைக்கு ஏற்ற சொட்டு என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். அவரும் தலையைத் தடவிக்கொண்டு சேர்ந்து சிரித்தார்.

சொட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. வாடை எங்கே வருகிறதோ அங்கே உட்கார வேண்டும்.

முதல் வருஷம் அது உட்கார்ந்த இடத்தில் மூன்று தடவை இடுப்பளவு தோண்டினார்கள். மூன்று தடவையும் மண் பொரிகடலை மாவு போல உலர்ந்து கிடந்தது. சலவைக்காரர் ஒருவர் தன் கடை வாசலில் இருந்த பள்ளத்தை இரண்டு வாரம் தாண்டித் தாண்டிப் போனார். நாய் பார்க்கிறது மோப்பமா முகஜாடையா என்று பம்பு ஓட்டுபவர் கேட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார். மூக்கண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து டப்பாவும் கந்தல் துணியும் கொண்டுவந்தார். மூன்றில் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணி, மற்றவற்றில் மழைத் தண்ணீரில் நனைத்த துணி. அவரே புதைத்தார். சொட்டு மூன்றையும் கண்டுபிடித்துவிட்டது. பிறகு என்னைப் புதைக்கச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய் நின்றார். நான் முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அப்போதும் மூன்றும் சரி. மூன்றாவது தடவை நான் புதைத்து முடித்ததும் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, நீ அடுப்படிக்குப் போயிடும்மா. கதவையும் சாத்திக்கோ.”

“ஏண்ணே, நான் வாயே திறக்கலையே.”

“வாய் திறக்கல. மூஞ்சி திறந்து கெடக்குதே.”

அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சொட்டு மூன்றையும் தவறவிட்டது. அவர் எங்கே கொஞ்சம் தயங்கினாரோ அங்கெல்லாம் உட்கார்ந்ததாம்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. இருபது வருஷம் குழாயோடு கிடந்தவர் இல்லையா? புல் எங்கே பச்சையாக இருக்கிறது, தரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, இங்கேதான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவார். அந்த இடம் வந்ததும் கால் தயங்கும், கயிறு இறுகும். சொட்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கும், அவருக்குப் பிடிக்குமே என்று உட்கார்ந்துவிடும். பொய் சொல்ல அதற்குத் தெரியாது. பிரியம்தான் அதை அப்படிச் செய்ய வைத்தது.

தப்பு நாயின் மேல் இல்லை, கயிற்றின் இந்த முனையில் இருக்கிறது என்று மூக்கண்ணன் நிலையத்தின் பொறியாளர் அம்மாவிடம் நேராகப் போய்ச் சொன்னார். நாயைத் திருப்பி அனுப்ப எழுதியிருந்த கடிதத்தை அந்த அம்மா நிறுத்திவைத்தார். மூன்று மாதம் நான் புதைத்தேன், அவர் தேடினார். கயிற்றைத் தொளதொளவென்று விட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். காக்கா எண்ணுகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருமுறை விளக்குக் கம்பத்தில் போய் மோதி நெற்றி வீங்கிவிட்டது. ஆனால் அதற்குப்பின் சொட்டு உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனதே இல்லை.

ஆறாவது வருஷம் அந்தத் தேடல் எங்கள் தெருவுக்கே வந்தது.

எங்கள் வீடு சரிவான தெருவின் அடிக்கோடியில் இருக்கிறது. கொத்தனாராக இருந்த என் வீட்டுக்காரர் தன் கையாலேயே கட்டியது. அவர் போனபின் நானும் தையல் வேலை செய்யும் என் நாத்தனாரும் அதில் இருக்கிறோம். பக்கவாட்டுச் சுவரில் முதலில் தலைமுடி போல ஒரு கோடு வந்தது. மூன்று மாதத்தில் அதற்குள் சுண்டுவிரல் போனது. தரை ஒரு பக்கம் சாய்ந்து, நாத்தனாரின் நூல்கண்டு தானே உருள ஆரம்பித்தது. கட்டட ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, அஸ்திவாரம் சரியாகப் போடவில்லை, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும், வீட்டை இடித்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அஸ்திவாரத்தைக் குறை சொன்னது எனக்கு வீடு போவதைவிட வலித்தது.

குழாய் ஒழுகி மண் கரைந்திருந்தால் நிலையமே சுவரைத் தாங்கிக் கட்டிக்கொடுக்கும். அதுதான் சட்டம். தரையில் கருவி வைத்துக் கேட்டார்கள், தண்ணீர் ஒழுகும் சத்தமே இல்லை என்றார்கள். மிச்சமிருந்தது சொட்டு மட்டும்தான். மூக்கண்ணன் வருகிறேன் என்றார், ஆனால் கயிற்றைத் தான் பிடிக்கப்போவதில்லை என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. “கூடப் பொறந்தவரு மாதிரி நெனச்சேனேண்ணே” என்றேன்.

“அதுக்காகத்தாம்மா பிடிக்கல. அது உன் வாசல்ல வந்து உக்காரணும்னு எனக்கு எவ்வளவு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும். சொட்டுக்கும் தெரிஞ்சிடும்.”

“அப்ப யாரு பிடிப்பா?”

“காலி பண்ணச் சொன்னாரே, அவரே பிடிக்கட்டும்.”

என்னையும் தெருவில் நிற்கக்கூடாது என்றார். தட்டு வைக்கிறவள் நான், என்னைப் பார்த்தால் அது வேலையை மறந்துவிடும். நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று பொறியாளர் அம்மா கேட்டபோது, சொட்டு பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தெருமுனைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

காலை எட்டு மணி இருக்கும். நான் உள்ளறையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கடவுளே, என் வாசலில் உட்கார வை, சரியாகப் படிக்கு முன்னால் உட்கார வை என்று இடம் குறித்துக் கொடுத்துக் கேட்டேன். தெருவின் அடிக்கோடியிலிருந்துதான் தேடலைத் தொடங்கினார்கள். கழுத்துப் பட்டையின் கொக்கி சலசலக்கும் சத்தம் கேட்டது. சொட்டின் நகம் தரையில் படும் சத்தமும் பின்னாலேயே ஆய்வாளரின் பூட்ஸ் சத்தமும் கேட்டன. எங்கள் படி அருகே வந்தன. நிற்கவில்லை. தாண்டி, மேலே போய், தேய்ந்து மறைந்தன.

நான் எழுந்து பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தேன். அழக்கூட வரவில்லை. பெரிய பாத்திரத்துக்குள் சின்னது, அதற்குள் இன்னும் சின்னது என்று கை தானாக அடுக்கியது. சாக்கின் வாயைக் கட்டும்போது நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணி, அது முடி வெட்டுற கடை முன்னால உக்காந்துடுச்சு. அந்த ஆளு ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டாரு. எந்திரிக்கவே மாட்டேங்குது.”

முடிவெட்டும் கடை எங்கள் வீட்டிலிருந்து அறுபதடி மேலே, எதிர்ப்பக்கம். காய்ந்த தரை, புல்லும் இல்லை, ஈரமும் இல்லை. இருபது வருஷ அனுபவம் உள்ள மூக்கண்ணனே அங்கே சந்தேகப்பட்டிருக்க மாட்டார். ஆய்வாளர் வா போகலாம் என்று மூன்றாவது தடவை இழுத்தபோது, சொட்டு அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொட்டாவி விட்டதாம். தோண்டினார்கள். கழுத்தளவு ஆழத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்து ஆய்வாளரின் பளபளப்பான பூட்ஸை நனைத்தது. மூடிப்போன பழைய வாய்க்கால் ஒன்றின் வழியாகச் சத்தமில்லாமல் வழிந்து, தெருவைக் கடந்து, எங்கள் சுவருக்கடியில் மண்ணை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலி செய்யச் சொன்ன கையாலேயே ஆய்வாளர் வேறு காகிதம் எழுத வேண்டியதாயிற்று. அஸ்திவாரத்தில் குறையில்லை என்று அதில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். சாக்கை அன்று மாலையே அவிழ்த்தேன். அதற்குப்பின் கடவுளிடம் கேட்பேனே தவிர, இடம் குறித்துக் கொடுப்பதில்லை.

மூக்கண்ணன் அதைப் பற்றி ஒருநாளும் பெருமை பேசவில்லை. மறுநாள் காலையும் நாயைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகத்தான் போனார்.

மூன்று வருஷம் கழித்து இருவருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்தது. சொட்டுக்கு முகமெல்லாம் நரைத்திருந்தது. வெகுதூரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாக அண்ணன் சொன்னார். கிளம்புகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக என் அடுப்படிப் பக்கம் வந்தார். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. வா என்று கூப்பிட்டுவிட்டு அவர் நாலடி நடந்தார். சொட்டு போகவில்லை. என் காலடிக்கு வந்து, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

குனிந்து அதன் மடிந்த காதைத் தடவிக்கொடுத்தேன். “கூப்பிட்டுக்குங்கண்ணே, நேரமாகுது” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். சுருட்டி வைத்த கயிறு அவர் தோளில் தொங்கியது. இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினார்.

“நான் கயித்தப் பிடிக்கல, தங்கச்சி. அதுவாத்தான் உக்காந்திருக்கு.”