ஹவில்தார் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏரிக்கு

வேன் ஓட்டுகிறவனுக்குக் கண் ரெண்டும் ரோட்டில் இருந்தாலும் காது ரெண்டும் பின்சீட்டில்தான் இருக்கும். குடும்பத்தோடு ஒரு தடவையாவது ஊர் சுற்றக் கிளம்பியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் சீட் யாருக்கு, டீ எந்தக் கடையில், வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று நீங்கள் படுகிற பாட்டையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கூடச் சேர்ந்து படுகிறவன் நான்.

கவிதாவின் திட்டம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றி இறக்குவது வார நாளில் என் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அதே வேன் டூரிஸ்ட் வேன். போகிற இடம் பெரும்பாலும் கொடைக்கானல். சினிமாப் பாட்டில் அந்த ஏரியைப் பார்க்காதவர்கள் நம் பக்கம் யாரும் இருக்க முடியாது. அதனால் நேரில் பார்க்கிற ஆசையும் எல்லோருக்கும் உண்டு.

கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் கவிதா ஒருநாள் சாயங்காலம் வேனை விட்டு இறங்காமல் நின்றாள். ஊர் மகாராஜபுரம். அவள் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து மூன்று மாதம். அம்மா வேலம்மாள் அவரோடு பேச்சை நிறுத்தி மூன்று வாரம். வந்த கையோடு அவர் அடுப்படி டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டினார், தென்னைக்குத் தண்ணி பாய்ச்ச டைம்டேபிள் போட்டார். அதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அவர் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு, "நான் இல்லாத வருசமெல்லாம் இந்த வீட்ட என்ன லட்சணத்துல நடத்தியிருக்க?" என்று கேட்டுவிட்டார். அம்மா அன்றைக்கு மூடிய வாய்தான்.

"கல்யாணமான புதுசுல கொடைக்கானல் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாராம் அண்ணே. அதுக்குள்ள லீவ முடிச்சு உடனே வான்னு தந்தி வந்துருச்சாம். இப்பவாவது அந்த ஏரியக் காட்டுவோம். இல்லன்னா அம்மா பொட்டியக் கட்டிட்டு மாமா வீட்டுக்குப் போயிருவா போலுக்கு."

ஆஜர்

விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போய் நின்றேன். வாசலில் எட்டுப் பேர் உயர வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கவிதா, அவள் சித்தப்பா குடும்பம், பக்கத்தில் வேலம்மாள் அக்கா. எதிரே ஹவில்தார் சார், ஒரு கையில் விசில், மறு கையில் பேப்பர். பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். "வேலம்மாள்!" என்றார். சத்தமில்லை. மறுபடியும் "வேலம்மாள்!" என்றார்.

அக்கா வரிசையை விட்டு நேராக வந்து, என் பக்கத்து சீட்டில் ஏறி, கதவைச் சாத்தினார்.

"வந்தாச்சுன்னு எழுதிக்கிடச் சொல்லுங்க தம்பி."

நடுவில் ஓர் ஆள்

அந்த நிமிஷத்திலிருந்து நான் தபால்காரன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பின்னாலிருந்து சார் குரல்: "டிரைவர், முன்னால இருக்கவுகளைக் கண்ணாடிய ஏத்தச் சொல்லு. காத்து அடிச்சா அவளுக்குச் சளி பிடிக்கும்."

அக்கா திரும்பவே இல்லை. "எனக்குச் சளி பிடிச்சா நானே பாத்துக்கிடுவேன்னு சொல்லுங்க தம்பி. இம்புட்டு வருசம் வேற யாரு பாத்தா?"

எனக்கு எதற்கு வம்பு? உசிலம்பட்டி வரைக்கும் வண்டியில் சண்டை வேண்டாமே என்று, "சார், அக்கா பரவாயில்லங்கறாக" என்று மாற்றிச் சொன்னேன். சார் பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார்.

"தம்பி, நான் அஞ்சடி தூரத்துலதான் உக்காந்திருக்கேன். சொன்னத முழுசாச் சொல்லு."

வளைவுகள்

மலை ஏறத் தொடங்கி நாலாவது வளைவிலேயே சார் முகம் வெளுத்துவிட்டது. ஆறாவது வளைவில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். பட்டாளத்துக்காரர் பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். சித்தப்பா வீட்டுக் குழந்தைகள் இரண்டும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தன. அக்கா தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, என்னிடம் கொடுத்தார். "மோந்து பாக்கச் சொல்லுங்க."

சார் மோந்து பார்த்தார். கொஞ்சம் தெளிந்ததும் ரோஷம் வந்துவிட்டது. "காஷ்மீர்ல லாரியில நின்னுக்கிட்டே எத்தன மலை ஏறியிருக்கேன் தெரியுமா? ஒரு நாள் குமட்டுனது கெடையாது" என்றார் என்னிடம்.

"அப்ப வயசு இருபத்தஞ்சுன்னு சொல்லுங்க தம்பி."

குடிதண்ணி

மேலே சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள், பிறகு வண்டிக்குள் பார்த்தார்கள். சார் ரெண்டு டஜன் தண்ணி பாட்டிலை அட்டைப்பெட்டியில் அணிவகுப்பு மாதிரி அடுக்கி வைத்திருந்தார். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்று முந்தின நாளே கவிதா சொல்லியும் கேட்கவில்லையாம். அத்தனையையும் இறக்கச் சொன்னார்கள். சார் தன் பட்டாளத்து அடையாள அட்டையை நீட்டினார். அங்கிருந்த பையன் வயது ஊழியர் அதைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார், பாட்டிலை மட்டும் திருப்பித் தரவில்லை.

வண்டி நகர்ந்ததும் வேலம்மாள் அக்கா சீட்டுக்கு அடியில் குனிந்தார். பெரிய எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று வெளியே வந்தது. நிறையத் தண்ணி. டம்ளர் டம்ளராக ஊற்றிப் பின்னால் அனுப்பினார். கடைசி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"அவியளுக்கும் குடுங்க. வாந்தி எடுத்த ஒடம்பு."

ஏரியைக் காணோம்

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினால் ஏரியைக் காணோம். அவ்வளவு மூடுபனி. கம்பிவேலி தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி இருந்தது. சித்தப்பா குடும்பம் மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டு குதிரைச் சவாரிக்குப் போய்விட்டது. வேலம்மாள் அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சினிமாவுல எம்புட்டுப் பெருசாக் காட்டுவான், எங்க தம்பி?" என்று முதலில் சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்தும் பனி விலகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நமக்கு இது இல்லன்னு ஆண்டவன் அன்னைக்கே எழுதிட்டான். வண்டிய எடுங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

இருபது அடி தள்ளி நின்ற சார் இதைக் கேட்டார். காலையிலிருந்து அவர் முகம் அப்படி மாறி நான் பார்க்கவில்லை. சோளக்காரரிடம் போனார், குதிரைக்காரரிடம் போனார், பனி எப்போது விலகும் என்று கேட்டார். அவர்கள் என்ன சொல்வார்கள், விலகும்போது விலகும் என்றார்கள். கடைசியில் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி நகரக் கூடாது தம்பி. இது ஆர்டர் இல்ல, கெஞ்சிக் கேக்கேன்."

மிதிபடகு

ஒரு மணிக்கு மேல் தண்ணி கொஞ்சம் தெரிந்தது. கவிதா நேரத்தைக் கடத்தவில்லை. டிக்கெட் வாங்கி, ரெண்டு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, ரெண்டு பேர் மட்டும் உட்காருகிற மிதிபடகில் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள். சார் "லெஃப்ட், ரைட்" என்று மிதித்தார். அக்கா மிதிக்கவே இல்லை. படகு இருந்த இடத்திலேயே ரெண்டு சுற்று சுற்றியது. பிறகு எப்படியோ நகர்ந்து நடு ஏரிக்குப் போனதும் பனி மறுபடி இறங்கிவிட்டது. படகு மறைந்தது. நான் படகுத்துறை நுனி வரைக்கும் போய் எட்டிப் பார்த்தேன். கவிதா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து வேலம்மாள் அக்காவின் குரல் கேட்டது. தண்ணி மேல் சத்தம் தெளிவாக வந்தது. "கவிதாவுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப தோள்ல போட்டுட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடுனது நானு! கெணத்து மோட்டார் எரிஞ்சப்ப நீங்களா வந்து நின்னீக? உங்க அப்பாரு மூச்சு நின்னப்ப தலைய மடியில வெச்சிருந்தது யாரு?" குரல் ஏறியது, உடைந்தது, பிறகு அழுகை. நடுநடுவே சாரின் குரல், ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை: "தப்புத்தான்." பிறகு இரண்டு குரலும் அடங்கிவிட்டன. கொடுத்த அரை மணி நேரம் முடிந்தது. படகுத்துறை ஆள் விசில் ஊதி ஊதிக் களைத்துப் போனார்.

ரொம்ப நேரம் கழித்துப் படகு வந்தது. திருப்புகிற கம்பியை அக்கா பிடித்திருந்தார், சார் சத்தம் போடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. நான் படகைப் பிடித்து நிறுத்திக் கொடுத்தேன். "ஏரி எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டுவைத்தேன்.

"யாரு தம்பி ஏரியப் பாத்தா?"

திரும்பும்போது

இறங்கும்போது முன்சீட் காலி. அக்கா பின்னால் போய்விட்டார். வத்தலக்குண்டு வரைக்கும் ரெண்டு பேரும் பேசினார்கள், நடுவில் ஏதோ தென்னங்கன்று விஷயத்தில் சண்டைகூடப் போட்டார்கள். ஆனால் நேருக்கு நேர். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. காலையெல்லாம் எரிச்சலாக இருந்த வேலை பறிபோனதும் சும்மா ஒரு மாதிரியாக இருந்தது. பாட்டாவது கேட்போம் என்று போட்டேன்.

"டிரைவர், சத்தத்தக் கொஞ்சம் கொறப்பா, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல."

அடுத்த ஞாயிறு முடிந்து திங்கள்கிழமை காலையில் கவிதா வேனில் ஏறும்போது முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நான் பதறிப்போய், மறுபடியும் சண்டையா என்று கேட்டேன்.

"இல்லண்ணே, நேத்து ரெண்டு பேரும் பிளவக்கல் டேமுக்குப் போயிட்டு வந்திருக்காக, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!"

ஏற்றிய ஆட்களையே பத்திரமாகத் திருப்பி இறக்கிவிட வேண்டும் என்பதுதான் வேன்காரனுக்கு முதல் விதி, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மகாராஜபுரத்தில் நான் இறக்கிவிட்ட அந்த ரெண்டு பேரும் காலையில் ஏற்றிய ஆட்கள் இல்லை.