கடல் இல்லை, காய்ச்சல்

முதலில் தலையிடி. பிறகு சொற்கள் இடம் மாறின. உப்பைக் கேட்க நினைத்து விறகைக் கேட்டேன். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்று மாலையே காய்ச்சல் ஏறி, "தண்ணி வருது, ஓடு" என்று அவளைப் பிடித்து உலுக்கினேனாம். எனக்கு நினைவில்லை.

சாய்ந்தமருதில் அப்போது இதைக் கேட்டு யாரும் பதறமாட்டார்கள். கடல் வந்து என் கணவரைக் கொண்டுபோய் நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் சுனாமி வீட்டுத்திட்டத்தில் யாராவது தண்ணீர் என்று புலம்பினால், கடல் பயம் என்று ஓதிய தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பதுதான் வழக்கம். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கும் அதுதான் நடந்தது. கணவரின் அக்கா, என் மதினி, "புள்ள பயப்படுறாள்" என்று மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வலிப்பு வந்து பல் கிட்டிய பிறகுதான் காக்கா (அண்ணன்) என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

உங்கள் வீட்டில் யாராவது காய்ச்சலோடு உளறினால், கழுத்து விறைத்தால், ஓதுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாகனத்தில் ஏற்றிவிட்டு ஓதுங்கள்.

முள்ளந்தண்டு நீர் எடுத்தார்கள் (முதுகில் ஊசி ஏற்றி, மூளையைச் சூழ்ந்த நீரைச் சோதிப்பது). வைரஸால் வந்த மூளையழற்சி (மூளை வீங்குதல்) என்றார்கள். நான் கதைக்கத் தொடங்கியதும் டொக்டர் கேட்டார்:

"ஆடு வளர்க்கிறீங்களா? உண்ணி கடிச்சதா?"

"ஆடு இரிக்கி டொக்டர். உண்ணியப் புடுங்கி நகத்தால நசுக்குறதுதான். நுளம்பும் கடிக்கும்."

"சில நாடுகள்ல உண்ணி கொண்டுவாற வைரஸ் இப்பிடிச் செய்யும். இங்க கூடுதலா நுளம்புதான். உங்களுக்கு எது எண்டு சோதனையில பிடிபடல்ல."

உண்ணியோ நுளம்போ (கொசு), எது கொண்டுவந்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்று விளக்கினார். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்கிளியா (காவல் உயிரணுக்கள்), அந்தக் கிருமியை முன்பின் கண்டிராமலே முதல் ஆளாக எழும்பும். தொற்றுப்பட்ட உயிரணுக்கள் இன்டர்பெரோனை (பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்கும் புரதம்) வெளிவிடும். பிறப்போடு வந்த எதிர்ப்பு இது, யாரும் பழக்கவேண்டியதில்லை. கிருமியைத் தடுப்பதும் அதுதான். அளவு மீறினால் மூளையை வீங்கவைத்து, நல்ல நரம்பைக் கெடுப்பதும் அதுதான்.

ஒரு ஆளைத் தேடி ஊரையே புரட்டிப்போடும் இராணுவச் சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதா என்ன? உடனே விளங்கியது. கோபம் வந்தது, கூடவே பெருமையும் வந்தது. நான் நினைவிழந்து கிடந்தபோதும் என் மூளை எனக்காகச் சண்டை பிடித்திருக்கிறது. அதைத்தான் ஊர் பைத்தியம் என்று கதைத்துக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்ததென்று வீதியில் வெடி கொளுத்திய நாளில், நான் வீட்டுச் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். வலக்கை நடுங்கியது. மகளைக் கேட்டுக் காக்காவை அனுப்பினேன்.

"மூளை பழுதான பொம்புளட்ட பொட்டப் புள்ளய எப்பிடி உடுற?" என்று மதினி திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் குடி மரைக்காயர் (குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் பள்ளிவாசல் பொறுப்பாளர்) வீட்டுக்குப் போனேன். தான் பேசுவதாகக் காக்கா சொன்னார். நான் விடவில்லை. மதினியும் மகளோடு வந்திருந்தார்.

மரைக்காயர் என்னைப் பார்த்துக் கேட்டார். "தண்ணி வருது எண்டு புள்ளயப் போட்டு உலுக்கின நீதானே மகள்?"

"ஓம், நான்தான். காய்ச்சல் மூளைக்குள்ள இருந்திச்சி. நெஞ்சில சளி கட்டினவள்ட புள்ளய ஆரும் பறிக்கிறல்ல. மூளைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

சொல் திக்கியது. முடிக்கும்வரை யாரையும் குறுக்கே பேச விடவில்லை. மதினி அழுதார். அவர் கெட்டவர் இல்லை. தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர், அவன் பிள்ளையும் போய்விடுமோ என்று பயந்திருந்தார்.

"புள்ளய உம்மாட்ட உடுங்க" என்றார் மரைக்காயர்.

இப்போது என் உடம்பு தன் பாட்டுக்கு ஒரு நேரம் வைத்திருக்கிறது. அது சொல்லும் வேகத்தில்தான் என் நாள் நகரும். காலையில் மகளுக்குத் தலை பின்னுவது பெரிய வேலை. வகிடு கோணும், விரல் நழுவும், அவிழ்த்து மறுபடியும் பின்னுவேன். தான் வந்து பின்னிவிடுவதாக மதினி சொன்னார். வேண்டாம் என்றேன்.

"உம்மா, பள்ளிக்கூட மணி அடிச்சிட்டு" என்கிறாள் மகள்.

"அடிக்கட்டும். தலைய ஆட்டாம இரி."