குளவி வளர்த்த பிள்ளை

ஆய்வகச் சன்னலில் ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஈரமண் வாசனை என்னைப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குக் கொண்டுபோனது.

அம்மா இறந்ததும் பிள்ளையில்லாத பெரியம்மாதான் என்னை எடுத்து வளர்த்தாள். கல்லறைச் சுவரில் வலை காயப்போட என்னையும் கூட்டிப்போவாள். அங்கே கல்லில் செதுக்கிய எழுத்துகளின் பள்ளங்களைக் குளவிகள் மண்ணால் அடைத்திருக்கும். ஒருநாள் குளவி ஒன்று பச்சைப்புழுவைக் கூட்டுக்குள் இழுத்துப்போனது.

"இன்னா பண்ணுது பெரிம்மா?"

"அதுக்குப் புள்ள கெடையாது. புழுவ இட்டாந்து, கொட்டிக் கொட்டித் தன் புள்ளையா ஆக்கிக்கும். உன்ன நான் இட்டாந்த மாதிரி."

அவள் சாயல் எனக்கு எப்போது வரும் என்று தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த வருடம் அவளுக்கு மகன் பிறந்தான். என்னைப் பொன்னேரி விடுதியில் சேர்த்தார்கள்.

பயிர்ப்புழுக்களை ஒழிக்கக் குளவி வளர்ப்பதே பிறகு என் வேலையானது. குளவி தன் முட்டையைக் கூட்டில் வைத்துவிட்டுத்தான் புழுவைக் கொண்டுவருகிறது. பொரிந்து வரும் குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளர்கிறது. இதைப் பெரியம்மாவிடம் நான் சொன்னதே இல்லை.

இப்போது அவள்தான் போனில் பேசுகிறாள்.

"உன் குளவிங்கல்லாம் புழுவ நல்லா வளக்குதாம்மா?"

"வளக்குது பெரிம்மா" என்றேன்.